கல்முனைக் கரையில் ஒரு நாள்

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு காலைப்பொழுது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் செல்லும் பஸ்ஸில் ஆசிரியர்களான நாம் மூவரும் ஏறி அமர்ந்தோம். எமக்கு முன்னாசனத்தில் இத்தாலிய இளைஞர் ஒருவர் இருந்தார். அலைமேற் சறுக்கி விளையாடும் பலகையைப் பஸ்ஸின் பின்புறத்தில் ஏற்றிவிட்டு, அறுகங்குடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாம் கல்முனைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றதும், தம் கையிலிருந்த பிரயாண நூலைப் புரட்டினார். அதிலே கல்முனைக்கு இரண்டே வரிகள். "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அறிய விரும்பித்தான் கேட்டார். ஆனால் எமக்கு உடனே விடை வரவில்லை. ஆண்டுதோறும் மாணவர்க்கு ஐரோப்பிய மறுமலர்ச்சியைக் கற்பிக்கிறவர்கள் நாம். புளோரன்ஸ் நகரத் தலைமைத் தேவாலயத்தின் குவிமாடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்ட எமக்குத் தெரியும். புரூனலெஸ்கி அவ்வேலையை 1420 இல் தொடங்கினான், 1436 இல் முடித்தான் என்று மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரியும். அந்நகரை நேரிற் கண்டுவர எமது சம்பளம் இடங்கொடாது என்ற ஒன்றைத் தவிர, அதைப் பற்றி எமக்கு வேறு குறையில்லை. நாற்பது கிலோமீற்றர் தூரத்திலுள்ள கல்முனையிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் மட்டும், வரலாற்று ஆசிரியர் மூவர் வாயடைத்து இருக்கிறோம்!

யோசித்துப் பார்த்தால், புளோரன்ஸைப் பற்றிக்கூட நாம் பாதிப் பாடந்தான் சொல்லி வந்திருக்கிறோம். அத்தேவாலயத்தைக் கட்டுவிக்கும் பொறுப்பு 1331 முதல் கம்பளி வணிகர் சங்கத்தின் கையில் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் நல்ல விலைக்குப் போன புளோரன்ஸ் கம்பளித் துணியே அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண். ஆனால் கம்பளியை அடித்துச் சிக்கெடுத்துச் சீவிய கூலியாட்களுக்கு, 'சியோம்பி' எனப்பட்ட அந்த ஏழை மக்களுக்கு, தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமைகூட இருக்கவில்லை. 1378 ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் கிளர்ந்தெழுந்து நகர மாளிகையைக் கைப்பற்றினார்கள். அவர்களுள் ஒருவனான மிக்கேலே டி லாண்டோ ஆட்சித் தலைவனானான். சில வாரங்களுக்குள்ளே அவர்களது சங்கம் கலைக்கப்பட்டது. 1382 க்குள் அவர்கள் வென்றெடுத்தவை யாவும் பறிபோயின. குவிமாடம் எழுந்தது அதற்குப் பின்னர்தான். உலகெங்குமிருந்து வருவோர் அதனை அண்ணாந்து பார்க்கின்றனர். கம்பளி சீவிய கைகளை நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, காட்சி பார்க்கப் போகிறவன் கூடவே இரண்டு கேள்விகளையும் எடுத்துப் போக வேண்டும். இதனைச் செய்தவர் யார்? இது யாருக்குச் சொந்தமாயிற்று? இவ்விரண்டையும் அன்று மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை கேட்டுக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம். "குவிமாடம் இல்லை, நெசவாளர் இருக்கிறார்கள்" என்று அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டு மருதமுனையில் இறங்கினோம்.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரமும் சாரியும் படுக்கை விரிப்பும் இங்கிருந்து நாட்டின் பல பாகங்களுக்கும் போயின. ஒரு காலத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும் என்பார்கள். நாம் நடந்த தெருவில் அவ்வோசை ஓரிடத்திலிருந்து மட்டும் வந்தது. ஓலைவேலிக்கு அப்பால், தகரக் கூரையின் கீழ், வயது சென்ற தாயொருவர் தறியிலே இருந்தார். பார்க்கலாமா என்று கேட்டோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல பாக்கிறத்துக்கு என்ன மகன் இரிக்கி?"

ஒரே காலையில் இரண்டாம் முறையாக அதே கேள்வி! முன்னர் கேட்டவர் அந்நியர். இப்போது கேட்பவரோ அறுபது வருடமாக அத்தறியோடு வாழ்ந்தவர். உழைப்பவர் தம் உழைப்பைப் பார்க்கத்தக்க பொருளாகக் கருதாதபடி இந்தச் சமுதாயம் அவரைப் பழக்கி வைத்திருக்கிறது என்றுதான் நாம் நினைத்தோம். பாவு நூலை ஒழுங்குபடுத்தியபடியே அந்த உம்மா சொன்னார்: "உம்மாக்கிட்டப் படிச்ச தொழில். மூணு பொம்புளப் புள்ளைக்கும் இதுலதான் வீடு கட்டினம்." அந்தச் சொற்றொடரை மனத்தில் குறித்துக்கொண்டோம். அன்றைய நாள் முழுவதும் அது எம்முடன் வந்தது.

இந்தத் தறிகள் ஏன் ஓய்ந்தன? விதியினால் அல்ல. 1970 முதல் 1977 வரை அந்நியத் துணி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் உள்ளூர்க் கைத்தறிக்குச் சந்தை இருந்தது. அப்போதும் நெசவாளி அரசனாகிவிடவில்லை; நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெற்றவர்களே செழித்தார்கள். என்றாலும் அடுப்பு எரிந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஆலைத்துணி வெள்ளமாக வந்து குவிந்தது. கையால் நெய்த சாரம் அதனுடன் விலையில் போட்டியிட முடியுமா? கொழும்பில் கையெழுத்தான ஒரு கொள்கை மருதமுனையின் கொல்லைப்புறத்தில் தறியை நிறுத்தியது. எஞ்சிய தறிகளிற் பலவற்றை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோயிற்று.

* * *

மருதமுனையிலிருந்து தெற்கே கல்முனை நகரம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே வயலும் சதுப்பும். இடையிலே ஒடுங்கிய மணல்நிலம். அந்த ஒடுங்கிய நிலத்தில் வீட்டுடன் வீடு ஒட்டி மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். பிரதான வீதியிலே துணிக்கடை, இரும்புக்கடை, நகைக்கடை, அரிசி மொத்த வியாபாரம், கருவாட்டு மணம், பள்ளிவாசல், கோயில், தேவாலயம் யாவும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பாடசாலை வாசலின் முன்னால் சற்று நின்றோம். மெதடிஸ்த மிஷனரிமார் இவ்வூரில் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிலேதான் காரைதீவுச் சிறுவன் மயில்வாகனன் படித்தான். அவனே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர்.

கல்முனைக்கு 1942 ஆம் ஆண்டு ஒரு திருப்பம். உலக யுத்தத்தில் பர்மா யப்பானியர் வசமாயிற்று. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பங்கு வந்த வழி அடைபட்டது. பஞ்சம் தலைகாட்டிய அவ்வேளையில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். காடாய்க் கிடந்த நிலங்கள் வயலாயின, உழவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. உழைப்போருடன் நெருங்கிப் பழகிய அஸீஸுக்கு, இந்த மக்களின் பிள்ளைகள் பணமின்மையால் படிப்பை விடுவது கண்ணிற் பட்டது. விபுலாநந்தருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டதும் இங்கேதான். காவியுடுத்த துறவியும் இளம் முஸ்லிம் அதிகாரியும் கல்வியைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அளவளாவினார்கள். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. 1945 இல் தோன்றிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அதுவே முன்னோடி. 1949 இல் கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. கல்லிற் கட்டிய சின்னம் எதையும் காட்டாத ஊர், ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவை ஊரே ஏற்க வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தொட்டிலாயிருந்தது. இதுவும் பார்க்கத்தக்க ஒன்றல்லவா?

கல்முனைக்குடியின் கிழக்கு ஓரத்தில், அலை வந்து தொடும் தூரத்தில், கடற்கரைப் பள்ளிவாசல் நிற்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் இங்கு ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். விழா பன்னிரண்டு நாள் நடக்கிறது. கப்ரு நாகூரில், கொடி கல்முனைக்குடியில், இடையிலே கடல். அக்கடலைத் தோணியிலும் பாய்க்கப்பலிலும் கடந்து திரிந்தவர்களின் ஞாபகமே அக்கொடி. கொடியேற்றத்துக்கு முஸ்லிம்கள் மட்டும் வருவதில்லை. நேர்ச்சை வைத்த தமிழரும் வருகிறார்கள். இது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற தர்க்கம் ஊருக்குள்ளே உண்டு. அதைத் தீர்த்து வைப்பது எம் வேலையல்ல. கரையோரத்து எளிய மக்கள் தமது பயத்தையும் நம்பிக்கையையும் கடலைப் பார்த்தே கட்டியெழுப்பினார்கள் என்பதுதான் எமக்குத் தெரிந்த வரலாறு.

* * *

அந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26 காலையில் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கை முழுவதிலும் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் வரிசையாக விழுந்தன. ஏன் இவ்வளவு பேர்? கடலின் சீற்றத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. ஒடுங்கிய கரையில், நிலமில்லாத ஏழைகளே நீரோரம் வாழ்ந்தார்கள். மீன் பிடிப்பவனும் கரைவலை இழுப்பவனும் அலையின் காலடியில். வசதி படைத்தவன் வீதியின் மேற்கே. சாவும் வர்க்கம் பார்த்தே வந்தது.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் நின்று இதைப் பேசியபோது, மருதமுனை உம்மாவின் சொல் நினைவுக்கு வந்தது. "மூணு பொம்புளப் புள்ளைக்கும் இதுலதான் வீடு கட்டினம்." இக்கரையின் பெரும் கட்டடக் கலை இதுவே. இங்கே முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் மகள் கலியாணம் செய்தால் அவளுக்கென ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை அவளது வீட்டுக்கு வந்து வாழ்வார். வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும். வாப்பா உழைத்து, காக்காமார் உழைத்து, உம்மா தறியிலிருந்து, கல்லுக் கல்லாய்ச் சேர்த்த வீடுகள் அவை. சீதனம் என்ற சுமை அதிலே இருப்பதை நாம் மறைக்கவில்லை. தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தன் வாழ்வை ஒத்திவைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! ஆயினும் கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் பெண் தெருவுக்கு வந்துவிடாத காப்பும் அதிலேயே இருந்தது.

வீடுகளைக் கடல் கொண்டுபோன பின்னர் அரசாங்கம் புது வீடு கொடுக்க முன்வந்தது. கடலோரத்தில் மீண்டும் கட்டலாகாது என்று 2005 இல் எல்லை வகுத்தார்கள்: தெற்கே 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒடுங்கிய இக்கரையில் 200 மீற்றர் பின்வாங்கினால் எங்கே போவது? பின்னால் வயல் அல்லவா? எதிர்ப்பு வலுத்து அவ்விதி தளர்த்தப்பட்டது. புது வீட்டின் பத்திரத்திலோ 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பல இடங்களில் ஆணின் பெயரே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீடு, கடல் வந்து போனபின் ஒரு படிவத்தினால் ஆணின் பெயருக்கு மாறியது. செய்தவர் யார், சொந்தமாயிற்று யாருக்கு என்ற எமது இரண்டு கேள்விகளும் இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் எழவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சுனாமியால் வீடிழந்தோருக்காக, சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் சந்தையும் சேர்த்தே கட்டப்பட்டன. அவை ஒரே சமூகத்தாருக்கு மட்டும் போகலாகாது என வழக்குத் தொடுக்கப்பட்டது. இன விகிதாசாரப்படி பகிரும்படி 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அவ்வீடுகள் ஆண்டுக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுவரில் கொடி படர்ந்தது. கதவும் ஓடும் களவு போயின. ஒரு பக்கம் வீடில்லாத மக்கள், மறுபக்கம் மக்களில்லாத வீடுகள். நடுவிலே நின்றது இனவாதம். சிங்கள ஏழைக்கும் தமிழ் ஏழைக்கும் முஸ்லிம் ஏழைக்கும் அந்தப் பூட்டினால் விளைந்த நன்மை என்ன?

* * *

நண்பகல் கடந்து காரைதீவை அடைந்தோம். விபுலாநந்தர் 1892 இல் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். மறைந்துபோன பண்டை இசைக் கருவியை ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 இல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அண்ணாமலை நகரில் இருந்த காலத்தில் பேராசிரியப் பதவியோடு நின்றுவிடாமல், அயலிலிருந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார் என்பதே ஆசிரியர்களான எமக்கு அவரிடம் உள்ள தனி உரிமை.

காரைதீவிலே கண்ணகி கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசித் திங்களில் திருக்குளிர்த்தி நடக்கும். எரித்த தெய்வத்தைக் குளிரச் செய்யும் சடங்கு அது. இக்கோயில்களையும் அயலூர்ப் பள்ளிவாசல்களையும் நிருவகிக்கும் முறையைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தாய்வழியாக வரும் 'குடி' என்ற அமைப்பு இங்கே இரு சமூகத்துக்கும் பொது. கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர். பெயர்தான் வேறு, முறை ஒன்று. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் சோனகர் முக்குவருக்குத் துணைநின்று அவர்களிடம் பெண்கொண்டனர் என்பது வாய்மொழிக் கதை. போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை 1626 இல் விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வந்தவர்கள் வெற்றிடத்தில் குடியேறவில்லை; இந்த மண்ணின் முறைமைக்குள்ளே வந்து கலந்தார்கள். மதம் வேறாயிருந்தும் உறவின் இலக்கணம் ஒன்றாயிற்று.

அப்படியாயின் சண்டை எங்கிருந்து வந்தது என்று மாணவன் கேட்பான். நாம் அதை மறைக்கலாகாது. 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. தமிழர் ஆயிரக்கணக்கில் அகதிகளாயினர். 1990 ஜூனில் கிழக்கெங்கும் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளாற் கொல்லப்பட்டார்கள். கல்முனைக்குள் படையினர் புகுந்தபின் தமிழ்ப் பொதுமக்கள் பலர் மாண்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுகிறவன் வரலாறு சொல்லவில்லை, வழக்காடுகிறான்.

துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும் எல்லைக் கல் ஓயவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம்; அதற்கு எதிர்ப்பும் கூடவே. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. கோரிக்கைகளில் நியாயம் இருக்கலாம். மக்கள் தம் அருகே ஓர் அலுவலகம் கேட்பது குற்றமல்ல. ஆனால் ஒவ்வொரு தரப்பும் வரலாற்றைக் காணி உறுதியாகத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் அச்சம் பிறக்கிறது. 'முதலில் வந்தவன் யார்?' என்பதே அங்கு ஒரே கேள்வி. 'உழைத்தவன் யார்?' என்ற கேள்வி எழுவதேயில்லை.

வேறு விதமாக நடந்துகொண்டவர்களும் இம்மண்ணில் உண்டு. 1981 ஜூன் முதலாம் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான். எரிந்தது அவரது ஊரல்ல. ஆனால் எரிந்தது அவருடையது என்று அவர் உணர்ந்தார்.

* * *

நிந்தவூரைத் தாண்டியதும் வயல்வெளி மேற்கே விரிகிறது. சிறுபோகம் முற்றிய காலம். வட்டைகளில் அறுவடை இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. முன்னாளில் இவ்வட்டைகளின் சொந்தக்காரர் போடியார். வேலையைப் பொறுப்பேற்றவன் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே நிலமற்ற வெட்டுக்காரரும் சூடு மிதிப்போரும். களவெட்டியில் அவணக் கணக்கில் நெல் குவியும். கடனும் விதைநெல்லும் கழித்து உழவனின் கையில் மிஞ்சுவது எவ்வளவென்று போடியாரின் கணக்குப் புத்தகமே சொல்லும். போடியார் முஸ்லிமாயினும் தமிழராயினும் அந்தக் கணக்கு மாறவில்லை.

1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு நிலையுரிமை அளித்து, காணிக்காரர் பெறும் பங்கை விளைச்சலின் கால்வாசிக்குள் அடக்க முனைந்தது. காணிக்காரர் சும்மா இருப்பார்களா? நாடெங்கும் ஆயிரக்கணக்கான குத்தகையாளர் வெளியேற்றப்பட்டார்கள்; மந்திரிசபைக்குள்ளிருந்த வலதுசாரிகள் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள்; அடுத்த ஆண்டே பிலிப் பதவி துறந்தார். புளோரன்ஸ் கம்பளித் தொழிலாளிக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறதா?

இவ்வயல்களுக்கு நீர் வருவது மேற்கே இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து. கல்லோயாத் திட்டம் 1949 இல் ஆரம்பமாயிற்று. அணைக்கட்டு பெரும் சாதனைதான். ஆனால் மேல்மடைக் குடியேற்றங்களில் சிங்கள உழவரே பெரும்பான்மையாக அமர்த்தப்பட, கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் கடைமடையில் நீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டி எழுந்த கலவரத்தில் கல்லோயாவில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். தண்ணீரும் இனத்தின் பெயரால் பிரிந்தது என்றே எவரும் முடிவு கட்டுவர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1980 களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் உழவர் அமைப்புகள் தோன்றின. வாய்க்காலை உழவரே கூடித் துப்புரவாக்கினார்கள். முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மேல்மடையிலிருந்த சிங்கள உழவர் தமக்கு மிஞ்சிய நீரை மிச்சம் பிடித்து, தமிழர் பலர் வாழ்ந்த கடைமடைக்கு விட்டார்கள். நாட்டில் இனப்பகை கொழுந்துவிட்டெரிந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது! மேடையிற் பேசியவர்களால் செய்ய முடியாததை மண்வெட்டி பிடித்தவர்கள் செய்து காட்டினார்கள். இதைவிட நல்ல காட்சி எந்த நாட்டிலே உண்டு?

ஒலுவிலிலே நாம் கண்டவை இரண்டு. ஒன்று, தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தத்தினால் வடக்குக் கிழக்குப் பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேற நேர்ந்த முஸ்லிம் மாணவரின் தவிப்பிலிருந்து 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மற்றது, டென்மார்க்கின் கடனில் கட்டி 2013 இல் திறந்த துறைமுகம். கற்சுவரைக் கடலுக்குள் நீட்டியதும் மணலின் ஓட்டம் தடைப்பட்டது. ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது, மறுபக்கம் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்பும் தோணி ஏற்றும் இடமும் போயின. கரையின் போக்கைத் தலைமுறையாக அறிந்த மீனவனை யாரும் கேட்கவில்லை. கடன் நாட்டின் தலையில். கரை இழந்தது அவன்.

பொழுது சாயும் வேளையில் அக்கரைப்பற்றில் தேநீர் அருந்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். காலையில் அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு இப்போது எம்மிடம் விடை இருந்தது. கேட்டவர்தான் அறுகங்குடாவுக்குப் போய்விட்டார். பரவாயில்லை, அவருக்குச் சொல்வதைவிட எமது மாணவர்க்குச் சொல்வதே அவசரம். புளோரன்ஸின் குவிமாடத்தை அவர்கள் அறியட்டும். அதனுடன் கம்பளி சீவியவர்களையும் அறியட்டும். அடுத்த பாடத்தைக் கரும்பலகையில் நடத்தாமல் தெருவில் நடத்துவோம். தறியிருந்த கொல்லையையும் போடியாரின் களவெட்டியையும் உம்மாவின் பெயரில் இருந்த வீட்டையும் பிள்ளைகள் தாமே சென்று பார்க்கட்டும். வயது சென்றவர்களிடம் கேட்டுத் தம் கொப்பியில் எழுதட்டும். சுனாமியிலே உறுதிகளும் பள்ளிவாசல் ஏடுகளும் பாடசாலைப் பதிவுகளும் நனைந்து அழிந்த கரை இது. எஞ்சியிருப்பது மனிதரின் ஞாபகம் ஒன்றே. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மையவாடிக்கும் மயானத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

நாம் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான். அவன் எல்லைக் கல்லுக்கு மட்டுமே எழுதுவான்.

பஸ் மருதமுனையைக் கடந்தபோது இருட்டிவிட்டது. தறியோசை கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தோம். பஸ்ஸின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வரும் தவணையில் மாணவரை அழைத்துக்கொண்டு பகலில் வருவதென்று முடிவு செய்தோம். "இதுல பாக்கிறத்துக்கு என்ன இரிக்கி?" என்று அந்த உம்மா அப்போதும் கேட்பார். விடையை நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும்.